ஊசி முனையில் வைத்தியம்

குன்னூரிலிருந்து உதகைக்குப் போகும் வழியில், அருவங்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது ஜெகதளா. சரிவெல்லாம் தேயிலை. நாள் முழுதும் கொழுந்து பறித்து, மூட்டையைச் சுமந்து மேடு ஏறும் பெண்களுக்கு இடுப்பு வலியும் முழங்கால் வலியும் கூலியோடு சேர்ந்தே வருகின்றன. யூகலிப்டஸ் தைலத்துக்கும் அடங்காத வலியைச் சீனத்து ஊசி வைத்தியம் தீர்க்குமா? அக்குபங்சரின் பெயர் மலை மேலும் ஏறிவிட்ட இந்நாளில், இது நியாயமான கேள்விதான்.

சீனர்கள் நீலகிரிக்குப் புதியவர்கள் அல்லர். 1860-களில் சீனக் கைதிகள் நடுவட்டத்துச் சிங்கோனாத் தோட்டங்களில் வேலை செய்தார்கள். விடுதலையான சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து இங்கேயே தங்கிவிட்டார்கள். ஆனால் ஊசி வைத்தியம் வந்த வழி வேறு. 1938-ல் சீனாவுக்குக் காங்கிரஸ் அனுப்பிய ஐந்து டாக்டர்களில் கோட்னிஸ் 1942-ல் அங்கேயே காலமானார். உடன் சென்ற டாக்டர் பிஜோய் குமார் பாசு நாடு திரும்பி, பின்னர் மறுபடியும் சீனா போய் இம்முறையைக் கற்று, 1959-ல் கல்கத்தாவில் சிகிச்சையைத் தொடங்கினார். அவர் ஆங்கில வைத்தியம் படித்தவர் என்பதை மறக்கலாகாது.

உடலில் ஓடும் ‘சீ’ என்ற உயிராற்றல் தடைப்பட்டால் நோய் என்பது சீனர் கொள்கை. ஊசி நரம்பைத் தூண்டுகிறது, வலியடக்கும் பொருள்கள் உடலிலேயே சுரக்கின்றன என்பது இன்றைய விஞ்ஞானம் கூறும் விளக்கம். 2012-ல் ஏறக்குறைய 18,000 நோயாளிகளின் விவரங்களைச் சேர்த்து ஆராய்ந்தார்கள். முதுகு, முழங்கால் வலிகளுக்கும் தலைவலிக்கும் பலன் தெரிந்தது. ஆனால் பெயருக்குக் குத்திய பொய் ஊசிக்கும் மெய் ஊசிக்கும் இருந்த வித்தியாசம் சிறிதே!

வலிக்கு ஊசி போட்டுக்கொள்வதில் தவறில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், க்ஷயம் எல்லாவற்றுக்கும் இதுவே போதும், மாத்திரையை எறியுங்கள் என்று சொல்பவர்களிடம்தான் ஆபத்து இருக்கிறது. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே கொண்டுவந்த மாத்திரையை ஒருவர் நிறுத்தினால், அதன் பலன் பக்கவாதமாகவும் வரலாம். பழகாத கை மார்பில் ஆழமாகக் குத்தினால் நுரையீரலில் துளை விழும். ஒருவருக்குக் குத்திய ஊசியை இன்னொருவருக்குக் குத்துவதோ மஞ்சள் காமாலையை விலை கொடுத்து வாங்குவதாகும்.

மத்திய சர்க்கார் 2019-ல் அக்குபங்சரைத் தனி வைத்திய முறையாக அங்கீகரித்தது. அங்கீகாரம் மட்டும் தோட்டத்துப் பெண்ணுக்கு என்ன செய்யும்? வைத்தியரைத் தேடிப் பஸ் ஏறினால் அன்றைய கூலி போயிற்று. இயற்கை மருத்துவப் பட்டப் படிப்பில் அக்குபங்சரும் பாடமாக இருக்கிறது. அப்படிப் படித்த டாக்டர் ஒருவரை, புது ஊசிகளுடன், வாரம் ஒரு நாளாவது தோட்டப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு அனுப்பச் சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். வேலை முடியும் மாலை நேரமாக இருந்தால் இன்னும் நல்லது.