உயில் மட்டும் போதுமா? பிரான்ஸில் மனைவியின் மகளுக்கு 60% வாரிசு வரி!

பாரிஸ் புறநகரில் ஒரு தமிழ்க் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவருக்குமே இது இரண்டாவது திருமணம். அவருக்கு முதல் தாரத்தில் ஒரு மகன். மனைவிக்கு முதல் திருமணத்தில் ஒரு மகள். நாலு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுக்கு வந்தவள், இன்று வேலைக்குப் போகிறாள். ஸ்கூல் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டதிலிருந்து டிரைவிங் கிளாஸுக்குப் பணம் கட்டியதுவரை எல்லாம் அவர்தான். அவளும் 'அப்பா' என்றுதான் கூப்பிடுகிறாள். ஆனால், பிரெஞ்சு வாரிசுச் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் இருவரும் யாரோ, எவரோ.

புதுச்சேரியிலிருந்து பிரெஞ்சுக் குடியுரிமையோடு போனவர்கள், இலங்கையிலிருந்து அகதிகளாகப் போய்க் காலூன்றியவர்கள், வேலைக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் எனப் பிரான்ஸில் தமிழர்கள் ஏராளம். மறுமணக் குடும்பங்களும் அவர்களில் உண்டு. 'எல்லாம் பிள்ளைங்க பார்த்துப்பாங்க' என்று விட்டுவிட்டால் என்ன ஆகும்?

அவர் உயில் எழுதாமல் இறந்தால், அவருடைய சொத்தில் மனைவிக்குக் கால் பங்கு, மகனுக்கு முக்கால் பங்கு. மனைவியின் மகளுக்கு ஒன்றும் கிடையாது. மனைவி முதலில் இறந்தால் இன்னொரு சிக்கல். மனைவி சொத்தில் முக்கால் பங்கு மகளுக்கும், கால் பங்கு கணவருக்கும் போகும். பிறகு கணவரும் இறந்துவிட்டால், அந்தக் கால் பங்கு மகளிடம் திரும்பி வராது. அவருடைய மகனுக்குத்தான் சேரும். யார் முந்துகிறார்கள் என்பதை வைத்து அம்மாவின் சொத்துகூட கைமாறிவிடும்.

சரி, உயில் எழுதிவிட்டால்? பிரான்ஸில் இஷ்டப்படி முழுச் சொத்தையும் எழுத முடியாது. பெற்ற பிள்ளை ஒன்று இருந்தால் பாதி, இரண்டு இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு, மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் முக்கால் பங்கு அவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. மிச்சத்தைத்தான் விரும்பியவருக்குத் தரலாம். நம் உதாரணத்தில் ஒரே மகன் என்பதால், பாதிச் சொத்துவரை மகளுக்கு எழுத இடம் இருக்கிறது.

பலர் இதோடு நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். அடி விழுவது இதற்குப் பிறகுதான்.

பெற்ற மகனுக்கு 1,00,000 யூரோ விட்டுச்சென்றால் வரி இல்லை, அதுவரை விலக்கு. அதே தொகையை மனைவியின் மகளுக்கு எழுதினால் விலக்கு வெறும் 1,594 யூரோ. மீதிக்கு 60 சதவிகித வரி. கணக்குப் போட்டால் சுமார் 59,000 யூரோ அரசாங்கத்துக்கு, சுமார் 41,000 யூரோ மகளுக்கு. வழியில் போகிறவருக்கு எழுதிவைத்தாலும் இதே வரிதான்!

'நான் இந்தியக் குடிமகன். எனக்கு எதற்குப் பிரெஞ்சுச் சட்டம்?' என்ற கேள்வி வரலாம். 2015 ஆகஸ்ட் 17 முதல் நிகழும் மரணங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் வாரிசு ஒழுங்குமுறை பொருந்துகிறது. ஒருவர் கடைசியாக எந்த நாட்டில் வாழ்ந்தாரோ அந்த நாட்டுச் சட்டம்தான் பொதுவிதி. ஆனால், தன் குடியுரிமை நாட்டின் சட்டமே வேண்டும் என்று உயிலில் தேர்வு செய்யலாம். இந்தக் கதவையும் பிரான்ஸ் 2021-ல் பாதி சாத்திவிட்டது. தேர்வு செய்த சட்டத்தில் பிள்ளைகளுக்குக் கட்டாயப் பங்கு இல்லையென்றால், பெற்ற பிள்ளைகள் பிரான்ஸில் உள்ள சொத்திலிருந்து ஈடு கேட்கலாம். இறந்தவரோ, பிள்ளைகளில் ஒருவரோ ஐரோப்பிய ஒன்றியத்தில் குடியுரிமை பெற்றவராகவோ வசிப்பவராகவோ இருந்தால் போதும். தவிர, எந்த நாட்டுச் சட்டத்தைத் தேர்வு செய்தாலும் வரி மாறாது. ஒழுங்குமுறை பங்கைப் பற்றித்தான் பேசுகிறது, வரியைப் பற்றி அல்ல. அந்த 60 சதவிகிதம் அப்படியே நிற்கும்.

வரியைக் குறைக்க உதவும் ஒரு வழி, 'அஸ்யூரான்ஸ் வீ'. பெயர் ஆயுள் காப்பீடு; நடைமுறையில் ஒரு சேமிப்புத் திட்டம். 70 வயதுக்கு முன் கட்டிய பணத்திலிருந்து ஒவ்வொரு பயனாளிக்கும் 1,52,500 யூரோவரை வரி இல்லை. பயனாளி என்ன உறவு என்று கேட்பதில்லை. 70 தாண்டிய பிறகு கட்டும் பணத்துக்கு இந்தச் சலுகை பெருமளவு சுருங்கிவிடும் என்பதால், தள்ளிப்போடுகிறவர்களுக்குத்தான் நஷ்டம். வசதிக்கு மீறி, மகனுக்கு எதுவும் மிஞ்சாத அளவுக்குக் கொட்டினால் அவர் கோர்ட்டுக்குப் போகலாம்.

இன்னொரு வழி, தத்தெடுப்பது. வேலைக்குப் போகிற பெண்ணையா என்று சிரிக்க வேண்டாம். பிரான்ஸில் 'எளிய தத்து' என்று ஒருவகை உண்டு. அதற்கு வயது வரம்பு இல்லை. பெற்ற தந்தையுடனான உறவும் அறுபடாது. அவரிடமிருந்தும் சொத்து வரும், இவரிடமிருந்தும் வரும். மனைவியின் பிள்ளையை இப்படித் தத்தெடுத்தால், வரியும் பெற்ற பிள்ளைக்கு உள்ளதுதான். மேலே சொன்ன 1,00,000 யூரோவுக்கு வரி பூஜ்யம்.

ஆனால், வீட்டுக்குள் பேச வேண்டிய கஷ்டமான பேச்சும் இதில்தான் இருக்கிறது. தத்தெடுத்ததும் சட்டப்படி பிள்ளைகள் இரண்டு. மகனின் கட்டாயப் பங்கு பாதியிலிருந்து மூன்றில் ஒன்றாக இறங்கும். தத்தெடுப்பவருக்குப் பிள்ளைகள் இருந்தால், குடும்ப வாழ்க்கை இதனால் பாதிக்கப்படுமா என்று நீதிமன்றமும் பார்க்கும். மகனுக்குத் தெரியாமல் முடித்துவிடலாம் என்று நினைப்பது நடக்காத காரியம். நியாயமும் இல்லை. அப்பா உயிரோடு இருந்து காரணம் சொல்லும்போது ஏற்றுக்கொள்கிற மகன், அவர் போன பிறகு காகிதத்தில் படித்தால் ஏற்றுக்கொள்வார் என்று சொல்ல முடியாது.

இதையெல்லாம் செய்துதரும் அதிகாரி 'நோத்தேர்'. நம்மூர் கோர்ட் வாசலில் முத்திரை குத்தும் நோட்டரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். வாரிசு, சொத்துப் பத்திரம் எல்லாம் அவர் மேஜையைத் தாண்டித்தான் போகும்.

கணவன், மனைவிக்கும் ஓர் எச்சரிக்கை. பிரான்ஸில் கோயிலில் தாலி கட்டியது மட்டும் திருமணம் ஆகாது. 'மேரி' எனும் நகராட்சி அலுவலகத்தில் பதிவாக வேண்டும். மணமான துணைக்கு 2007 முதல் வாரிசு வரியே இல்லை. பதிவு செய்யாத துணைக்கு அதே 60 சதவிகிதம்.

புதுச்சேரியிலோ தமிழ்நாட்டிலோ வீடு, மனை இருந்தால் அதற்கு இந்தியச் சட்டம்தான். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் இல்லாவிட்டால் மனைவியின் முதல் திருமணத்துப் பிள்ளை இங்கேயும் வாரிசு இல்லை. சுயமாகச் சம்பாதித்த சொத்து என்றால், உயில் மூலம் யாருக்கும் தரலாம். இந்தியாவில் வாரிசு வரியும் கிடையாது. ஆனால், பிரான்ஸில் வாழ்ந்து இறப்பவரின் வெளிநாட்டுச் சொத்தையும் அந்நாட்டு வரித்துறை கணக்கில் எடுக்கும்.

இரண்டு நாட்டிலும் தனித்தனி உயில் எழுதுகிறவர்கள் ஒரு வரியைக் கவனிக்க வேண்டும். 'இதற்கு முன் எழுதிய எல்லா உயில்களையும் ரத்து செய்கிறேன்' என்பது நம்மூர்ப் பத்திர எழுத்தர்கள் வழக்கமாகச் சேர்க்கும் வாசகம். விடுமுறையில் ஊருக்கு வந்து எழுதும் உயிலில் அது அப்படியே இருந்தால், பாரிஸில் நோத்தேரிடம் எழுதி வைத்த உயிலும் சேர்ந்து ரத்தாகிவிடலாம். 'இந்தியாவில் உள்ள சொத்துகளுக்கு மட்டும்' என்று சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுவது நல்லது.