தாத்தாவின் வலிப்பையும் கேளுங்கள்

முதல் வலிப்போடு வந்த பத்தொன்பது வயதுப் பெண். வழக்கமான டி2 எம்.ஆர்.ஐ. படத்தில் வலது டெம்பொரல் மடலில் ஒரே ஒரு காவெர்னோமா (நுண்ணிய ரத்தக் குழாய்களின் திரள்): நடுவில் சோளப்பொரி போன்ற தோற்றம், சுற்றிலும் ஹீமோசிடெரினின் கருவளையம். நுண்ணிய கசிவையும் காட்டும் எஸ்.டபிள்யூ.ஐ. படம் எடுத்துப் பார்த்தால் மை தோய்ந்த ஊசியால் குத்தியதுபோல் இரு பக்கமும் பதினொரு கரும்புள்ளிகள். அதற்குப் பிறகுதான் அம்மாவிடம் குடும்பத்தைப் பற்றிக் கேட்டேன். "எங்கப்பாவுக்குக் காக்கா வலிப்பு இருந்துச்சு டாக்டர். வெளிய சொல்லமாட்டோம்" என்றார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

ஒற்றைக் காவெர்னோமா பெரும்பாலும் குடும்பத் தொடர்பின்றி வருவது. பக்கத்திலேயே பிறவிச் சிரை மாறுபாடு ஒன்றும் தெரியலாம். அந்தச் சிரை இல்லாமல் பல புள்ளிகள் இருந்து, மூளைக்குக் கதிர்வீச்சு பெற்ற வரலாறும் இல்லையென்றால், அது குடும்ப நோய் என்றே எண்ணித் தொடங்குவோம். கே.ஆர்.ஐ.டி.1 (1999), சி.சி.எம்.2 (2003), பி.டி.சி.டி.10 (2005) என மூன்று மரபணுக்கள் தெரியவந்துள்ளன. மூன்றாவதில் பழுது இருந்தால் சிறு வயதிலேயே ரத்தக்கசிவு வரலாம். அந்தக் குழந்தைகளின் முதுகையும் பாருங்கள், ஸ்கோலியோசிஸ் (முதுகெலும்பு வளைவு) இருக்கக்கூடும்.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்கள் பலவற்றில் கே.ஆர்.ஐ.டி.1-இன் ஒரே பிழைதான் தலைமுறை தலைமுறையாக இறங்கி வருகிறது. அங்கே அந்த ஓரிடத்தை மட்டும் சோதித்தாலே பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். இங்கே நாம் மூன்று மரபணுக்களையும் முழுதாகப் படிக்க வேண்டும், பெரிய நீக்கங்களையும் சேர்த்துத் தேட வேண்டும். செலவு அதிகம் என்பது உண்மை. ஆனால் வம்சப் படம் வரைய ஒரு காகிதம் போதும்.

நம் ஊரில் அடுத்த கேள்வி நிச்சயம் வரும்: "சொந்தத்துல கட்டினதாலயா?" இல்லை என்று அழுத்தமாகச் சொல்லுங்கள். இது ஓங்கு மரபு. பழுதுள்ள மரபணு தாய், தந்தையரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர 50 சதவீத வாய்ப்பு. இதைத் தெளிவாகச் சொல்லாமல் அனுப்பினால் வீட்டில் பழி அந்த அம்மாவின் தலையில்தான் விழும்.

மரபணுவைச் சுமக்கும் பலர் எந்த அறிகுறியும் இல்லாமலே வாழ்ந்து முடிக்கிறார்கள். 1,620 பேரின் தரவைத் திரட்டி 2016-இல் வெளியான ஆய்வில், மூளைத்தண்டுக்கு வெளியே காவெர்னோமா இருந்து, கசிவோ நரம்புக் குறைபாடோ இன்றி வந்தவர்களுக்கு ஐந்தாண்டுகளில் கசிவு வரும் வாய்ப்பு 3.8 சதவீதம், மூளைத்தண்டில் இருந்து, கசிவோ குறைபாடோ ஏற்பட்டு வந்தவர்களுக்கு 30.8. எல்லோரையும் ஒரே அச்சத்தில் தள்ளுவது பெரிய தவறு. இதய நோய்க்காக ஆஸ்பிரின் சாப்பிடுபவரிடம் படத்தைப் பார்த்த கையோடு 'நிறுத்துங்கள்' என்பதும் அப்படித்தான்.

அந்தப் பெண்ணுக்குப் பதினான்கு வயதில் ஒரு தம்பி. எந்தத் தொந்தரவும் இல்லை, பள்ளியில் கால்பந்து ஆடுகிறான். "அவனுக்கும் ஸ்கேன் எடுத்துரலாமா?" என்று அம்மா கேட்டார். அன்றைக்கே சீட்டு எழுதவில்லை. புள்ளிகள் தெரிந்தால் என்ன செய்வோம், எதைச் செய்யமாட்டோம் என்பதை முதலில் பேசிவிடுவோம், அப்பாவையும் பையனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்றேன். வரும் வியாழக்கிழமை மூவரும் வருகிறார்கள்.