தொட்டி மரத்துக்குக் குளிர் காலம்

டொராண்டோ பக்கம் குடித்தனம் நடத்தும் சகோதரிகளே, தோட்டத்தில் போன்ஸாய் வைத்திருக்கிறீர்களா? (அங்கே பெண்ணைக் கொடுத்திருப்பவர்கள் இதைக் கத்தரித்து அனுப்பலாம்.) ஆழமில்லாத தொட்டியில் ஜப்பானியர் முறைப்படி குட்டையாக வளர்க்கும் மேப்பிள், பைன், ஜூனிபர் மரங்களைத்தான் சொல்லுகிறேன். உறைபனி விழ ஆரம்பித்ததும், "ஐயோ, பாவம்!" என்று தொட்டியைக் கூடத்துக்குத் தூக்கி வந்து கணப்பருகில் வைத்துவிடாதீர்கள். அந்த இரக்கமே அதற்கு எமன்.

குளிர் நாட்டு மரங்களுக்கு வருஷந்தோறும் ஒரு தூக்கம் வேண்டும். அது கிடைக்காவிட்டால் வசந்தத்தில் துளிர்க்கத் தெம்பு இராது. ஜூனிபரோ பொல்லாதது, உயிர் போன பிறகும் பல வாரம் பச்சையாகவே நின்று நம்மை ஏமாற்றும்.

அதற்காக மேடைமேல் அப்படியே விட்டுவிடலாமா? கூடாது. ஜப்பான் மேப்பிளின் கிளை மைனஸ் 20 டிகிரியையும் தாங்கும். வேரோ மைனஸ் 10 வாக்கிலேயே செத்துவிடும். தரையில் நிற்கும் மரத்தின் வேரைப் பூமியின் சூடு காக்கிறது. இரண்டங்குலத் தொட்டியில் அந்தச் சூடு ஏது?

ஆகவே மண் இறுகுமுன், தொட்டியோடு விளிம்புவரை தரையில் புதைத்து, மேலே வைக்கோலோ உதிர்ந்த இலையோ பரப்புங்கள். வீட்டின் வடக்குச் சுவரோரம் நல்லது. வெயில் படுமிடத்தில் பகலில் உருகி இரவில் உறைந்து, வேரும் கெடும், தொட்டியும் விரியும். தோட்டமில்லாதவர்களுக்குச் சூடேற்றாத கார் ஷெட் போதும். ஜப்பானில் இதற்கென்றே 'மூரோ' என்ற காப்பறை உண்டு.

காற்றுக்கு ஒரு தட்டி அவசியம். வேர் உறைந்திருக்கும்போது பைன் ஊசிகளின் ஈரத்தைக் காற்று உறிஞ்சிவிடும். வேரால் ஈடுசெய்ய முடியாது. பார்ப்பவர்கள் குளிரில் பட்டுப்போனதாக நினைப்பார்கள், உண்மையில் தாகம்தான். மண் காய்ந்திருந்தால், உறைபனி விட்ட நாளில் காலையில் தண்ணீர் விடுங்கள். உரம் வேண்டாம். லேசான பனி போர்வை மாதிரி. கனமாகச் சேர்ந்தால் கிளை முறியுமுன் தட்டிவிடுங்கள். வைக்கோலில் எலி குடியேறிப் பட்டையைக் கொறிக்கும். கம்பி வலை சுற்றுங்கள்.

நம்மூர் ஆல், அத்தி வகைகளுக்கு இதொன்றும் பொருந்தாது. அவை உஷ்ணப் பிரதேசத்துக் குழந்தைகள்; இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்குமுன்பே வீட்டுக்குள் வந்துவிட வேண்டும்.

வசந்தம் வந்துவிட்டதென்று அவசரப்பட்டு வைக்கோலைக் களையாதீர்கள். துளிர் விட்ட பிறகு ஓரிரவு உறைபனி பெய்தாலும் இளந்தளிர் கருகிவிடும். அன்றிரவு மட்டும் கூரைக்குள் வைத்து, விடிந்ததும் வெளியே எடுத்து வையுங்கள்.