இடிக்கலாம், கழிவை எங்கே வைப்பது?

அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில், சின்சினாட்டி நகருக்கு வடமேற்கே இயங்கியது பெர்னால்ட் யுரேனிய ஆலை. அணுகுண்டுத் திட்டத்துக்காக 1951இல் அதைக் கட்டத் தொடங்கினார்கள். அதன் ஆங்கிலப் பெயரில் இருந்த ‘Feed’ என்ற சொல்லைப் பார்த்து, உள்ளே கால்நடைத் தீவனம் செய்கிறார்கள் என்று நம்பிய அயலவர்களும் உண்டு.

வளவுக்குள் பெரிய கொங்கிரீட் குதிர்கள். அவற்றில் இரண்டை நிரப்பியது, பெல்ஜியக் கொங்கோவின் யுரேனியக் கனிமத்தைப் பதப்படுத்தியபின் மிஞ்சிய ரேடியம் செறிந்த சேறு. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் செல்லும். ரேடன் வாயுவும் ஓயாமல் வந்துகொண்டிருக்கும். கொங்கிரீட்டுக்கு அவ்வளவு ஆயுள் ஏது? 1964இல் சுற்றிலும் மண் அணைத்தார்கள். 1991இல் கழிவின் மேல் களிமண் பரப்பினார்கள்.

1989இல் உற்பத்தி நின்றது; தலையிடி தொடங்கியதே அதற்குப் பிறகுதான். கழிவைக் கண்ணாடியாக உறையவைக்கலாம் என்றார்கள். 1996இல் சோதனை உலையே கசிந்தது, அந்த யோசனை அத்தோடு சரி. சீமெந்தில் குழைத்து நெவாடாவுக்கு அனுப்பலாம் என்றார்கள். வழக்குப் போடுவோம் என்றது நெவாடா. கடைசியில் டெக்சஸ் ஏற்றுக்கொண்டது. குதிர்களை இடித்து, 2006இல் வளவைத் துப்புரவாக்கி முடித்தபோது செலவு ஏறத்தாழ 440 கோடி டொலர். இன்று அங்கே பறவை பார்க்கப் போகிறார்கள். நிலத்தடி நீரை இறைத்துச் சுத்திகரிக்கும் வேலை மட்டும் அதன் பின்னரும் ஓயவில்லை.

கேரளத்தின் ஆலுவா அருகே, உத்யோகமண்டலில் மோனசைட் பதப்படுத்திய ஆலையிலும் தோரியக் கழிவு நெடுங்காலம் குதிர்களில் கிடந்தது. அதை எடுத்து, யுரேனியத்தைப் பிரித்து, தோரியத்தை வேறு வடிவில் மறுபடி சேமித்தார்கள். பின்னொரு நாள் எரிபொருளாகும் என்பது இந்தியாவின் கணக்கு.

இலங்கையில் யுரேனிய ஆலை எழவில்லை. தோரியனைட் கனிமத்தை 1904இல் ஆனந்த குமாரசுவாமி இங்கே கண்டெடுத்ததோடு நமது கதை பெரும்பாலும் நின்றுவிட்டது. இப்போது அணுமின் நிலையம் பற்றிய பேச்சு வலுக்கிறது. சர்வதேச அணுசக்தி முகவரகத்தின் குழு 2022இல் வந்து நமது ஆயத்தத்தைப் பரிசீலித்தது. உலை கடலோரத்தில் அமையலாம். கழிவுக்கு இடம் தேடுவோரின் பார்வையோ கடும்பாறை உள்ள உள்நாட்டின் மேலும் விழக்கூடும். மாத்தளைப் பக்கத்துப் பலாபத்வல போன்ற ஊர்களை அப்போது யார் கேட்பார்கள்? நெவாடாவுக்கு வழக்குப் போட ஒரு மாநில அரசு இருந்தது. பலாபத்வலவுக்கு இருப்பது பிரதேச சபை.

ஆகவே உலைக்கு விலைமனு கோருவதற்கு முன்பே, கழிவு போகும் இடத்தையும் அதற்கான வைப்பு நிதியையும் அரசாங்கம் பாராளுமன்றத்தில் சமர்ப்பிக்க வேண்டும். அந்தந்த ஊர் மக்களிடம் சிங்களத்திலும் தமிழிலும் விளக்கி, மறுக்கும் உரிமையையும் சட்டத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.