பூக்கும் நேரத்துத் தண்ணீர்



முறை வைத்துத் தண்ணீர் விடும் நாட்களில் கடைமடைப் பகுதியிலிருந்து வரும் கடிதங்களில் அநேகமாக ஒரே கேள்விதான் இருக்கும்: “பயிர் சுருண்டு கிடக்கிறது, இனித் தேறுமா?” எந்தப் பருவத்தில் காய்ந்தது என்று தெரிந்தால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

உச்சி வெயிலில் நெல் இலை சுருள்வது பயிரின் தற்காப்பு. இலையின் மேற்புறத்தில் வரிசையாக அமைந்த பெரிய செல்கள் சில, நீரிழந்து தளரும்போது இலை உட்பக்கமாக மடங்குகிறது. வெயில் படும் பரப்பு குறைகிறது. அதே வேளையில் அப்சிசிக் அமிலம் கூடி, இலைத்துளைகளை மூடவைக்கிறது. இருக்கும் நீர் மிஞ்சும்; கரியமில வாயு உள்ளே வராததால் வளர்ச்சி நிற்கும். மாலைக்குள் இலை விரிந்துவிட்டால் பயிர் சமாளிக்கிறது என்று கொள்ளலாம். விடிகாலையிலும் சுருண்டே இருந்தால் இனித் தாமதிக்கக் கூடாது.

தூர் கட்டும் பருவத்தில் வந்த காய்ச்சலை நெல் பெரும்பாலும் தாண்டிவிடும். தண்ணீர் கிடைத்ததும் புது இலை விடும், பிந்திய தூர்கள் கிளம்பும், கதிர் வருவது சில நாள் தள்ளிப்போகும். பொதிப் பருவத்திலும் பூக்கும்போதும் காய்ந்தாலோ கதை வேறு. கதிர்க்காம்பு நீளாமல், கதிர் கண்ணாடி இலையின் உறைக்குள்ளேயே பாதி சிக்கிக்கொள்ளும். மகரந்தம் செத்துப்போகும். நெற்பூ ஒன்று திறந்திருப்பதே ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். அப்போது சூல் பிடிக்காத மணி பதர்தான். பிறகு வாய்க்கால் நிறைய நீர் வந்தாலும் இலை பச்சை கட்டும், பதர் நெல்லாகாது.

ஆகவே சிக்கனத்தை முன்பருவத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மூரில் காய்ச்சலும் பாய்ச்சலும் என்று சொல்லும் முறை அதற்கு உதவும். துளையிட்ட குழாயை வயலில் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகு பாய்ச்சினால் போதும். 30 சதவீதம் வரை நீர் மிஞ்சும். பூப்பதற்கு ஒரு வாரம் முன்பிருந்து பூத்து ஒரு வாரம் வரை மட்டும் வயலில் 5 செ.மீ. நீர் நிற்கட்டும். மானாவாரிக்காரர்களுக்குப் பரமக்குடி ஆராய்ச்சி நிலையம் 2009-இல் தந்த அண்ணா (ஆர்) 4 போன்ற வறட்சி தாங்கும் ரகங்கள் உண்டு. ஆனால் எந்த ரகத்துக்கும் பூக்கும்போது ஈரம் வேண்டும்.

முறை வைக்கும் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: ஏக்கர் கணக்கோடு பயிரின் பருவத்தையும் கேட்டு மடை திறவுங்கள். வாசகர்களே, அடுத்த கடிதத்தில் பயிர் எத்தனை நாள் காய்ந்தது என்பதோடு எந்தப் பருவத்தில் காய்ந்தது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்