அப்படியே ஒட்டினால் ஓட வேண்டும்

சென்னீர்குப்பத்திலிருந்து ஆவடி பக்கம் போனாலும் சரி, பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் போனாலும் சரி, இன்ஜினியரிங் கல்லூரிகளுக்குக் குறைவில்லை. கல்லூரி இருக்கிற இடத்தில் ஜெராக்ஸ் கடையும் இருக்கும். செமஸ்டர் தொடங்கியதும் அந்தக் கடைகளில் அதிகம் ஓடுவது லேப் மேனுவல். யாரோ ஓர் ஆசிரியர் எப்போதோ வேர்டில் அடித்தது பிடிஎஃப் ஆகி, வாட்ஸ்அப்பில் சுற்றி, பிரின்ட் ஆகி, ஸ்பைரல் போட்டு மாணவர் கைக்கு வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் பாடத்தில் யூனிக்ஸ் கமாண்டுகளும் ஷெல் புரோகிராமும் ஆரம்பப் பயிற்சிகளிலேயே வந்துவிடும். கறுப்புத் திரையோடு ஒரு பிள்ளைக்கு ஏற்படும் முதல் பழக்கம் பெரும்பாலும் இந்த மேனுவல் வழியாகத்தான்.

எங்கள் தெருவில் இரண்டாம் ஆண்டு படிக்கும் பெண் ஒருத்தி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“அக்கா, மேனுவல் பிடிஎஃப்ல இருக்கிறத அப்படியே காப்பி பண்ணித்தான் போட்டேன். அந்த மாதிரி ஃபைலே இல்லன்னு வருது. நான் எந்த ஃபைலையும் கேக்கவே இல்லையே?”

“எந்த கமாண்டும்மா?”

“எல்எஸ் மைனஸ் எல்.”

ஃபோல்டரில் என்னென்ன இருக்கிறது என்று காட்டும் கமாண்ட் எல்எஸ். கூடவே ஒரு கோடும் எல் எழுத்தும் போட்டால் அளவு, தேதி, உரிமையாளர் என்று விரிவாகக் காட்டும். யூனிக்ஸ் படிப்பவர்கள் முதல் நாளே அடிப்பது. அவள் திரையில் இருந்ததும் அதுவேதான், கோட்டைத் தவிர.

கீபோர்டில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கோடு ஆஸ்கி வரிசையில் 45ஆம் எண். ‘அடுத்து ஆப்ஷன் வருகிறது’ என்று கமாண்டுக்குச் சொல்வது அந்தக் கோடு மட்டும்தான். வேர்டில் ஓர் இடைவெளி விட்டு ஹைபன் போட்டு மேலே அடித்துக்கொண்டு போனால், அது தானாகவே சற்று நீளமான கோடாக மாறிவிடும். யூனிகோடில் அதன் எண் 8211. இடைவெளி விடாமல் இரண்டு ஹைபன் அடித்தால் இன்னும் நீளமான 8212. ஐபோனில் 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் இரட்டை ஹைபன் இப்படித்தான் ஒற்றை நீளக்கோடாகிறது. லேடெக் என்ற அச்சுக்கோர்ப்பு மென்பொருளில் செய்த புத்தகத்திலும், கமாண்டைத் தனியாகக் கோட் பகுதிக்குள் வைக்காவிட்டால் இதே கதை. காகிதத்தில் பார்க்கும்போது எல்லாமே கோடு. நாம் அடிப்பதை வாங்கி ஓட்டும் ஷெல்லுக்கு 8211 என்பது க, ங, ச போல வெறும் ஓர் எழுத்து. கோடும் எல்லும் சேர்ந்த பெயரில் ஏதோ ஒரு ஃபைலைக் கேட்கிறார்கள் என்று நினைத்து எல்எஸ் தேடுகிறது. கிடைக்கவில்லை, ‘அப்படி ஒரு ஃபைல் இல்லை’ என்கிறது. பிழைச் செய்தி உண்மையைத்தான் சொல்கிறது. ஆனால் படிக்கும் பிள்ளையை முற்றிலும் வேறு திசையில் அனுப்பிவிடுகிறது.

கோட்டை அழித்துவிட்டுக் கையால் அடித்தபோது ஓடியது. அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குத்தான் ஆறவில்லை. அதே மேனுவலை வைத்துக்கொண்டு, கேட்க ஆளில்லாமல், தனக்குக் கம்ப்யூட்டர் வராது என்று முடிவு கட்டும் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன்.

இது நம் ஊர் ஜெராக்ஸ் கடையில் மட்டும் நடக்கும் கோளாறு இல்லை. லினக்ஸில் கமாண்டோடு கூடவே வரும் கையேடான மேன் பக்கங்களை டெர்மினலில் காட்டுவது கிராஃப் என்ற பழைய மென்பொருள். 2023 ஜூலையில் வந்த அதன் 1.23 பதிப்பில், மேன் பக்கத்தில் சாதாரணமாக எழுதிய ஹைபன் 8208ஆம் எண்ணுள்ள அச்சு ஹைபனாக வெளிப்படத் தொடங்கியது. அச்சு இலக்கணப்படி அதுவே சரி. ஆப்ஷனுக்கான கோட்டை முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டு எழுத வேண்டும் என்பது பழைய விதி. ஆனால் பல ஆண்டுகளாக ஆயிரக்கணக்கானவர்கள் அந்தச் சாய்கோட்டைப் போடாமலே எழுதிவந்திருக்கிறார்கள். விளைவு, அதிகாரபூர்வப் பக்கத்திலிருந்து எடுத்து ஒட்டிய கமாண்டே ஓடாது என்ற நிலை. டெபியன் என்ற லினக்ஸ் வகையின் குழுவினர் தங்கள் வெளியீட்டில் அதைப் பழைய 45க்கே திருப்பிவிட்டார்கள். இலக்கணம் ஒரு பக்கம், பயன்படுத்துகிறவர் ஒரு பக்கம் என்று வந்தபோது பயன்படுத்துகிறவர் பக்கம் நின்றார்கள். என்னைக் கேட்டால், அதுதான் நியாயம்.

யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பர் 3ஆம் தேதியிட்டது. கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதியது. பெயர், பயன்படுத்தும் விதம், விளக்கம், தொடர்புள்ள ஃபைல்கள், பிழைகள் என்று ஒவ்வொரு பக்கமும் ஒரே வரிசையில் இருக்கும். கடைசியில் அந்த கமாண்டுக்குப் பொறுப்பானவர் யார் என்ற வரியும் உண்டு. ஐம்பது ஆண்டு கடந்தும் அந்த அமைப்பு பெரும்பாலும் மாறவில்லை. ஒரு பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவருக்கு எல்லாப் பக்கமும் படிக்க வரும். இவ்வளவு ஒழுங்கான மரபில் பிறந்த கமாண்டுகளின் ஆப்ஷன்களில் மட்டும் ஒழுங்கு இல்லாமல் போனதுதான் வருத்தம்.

வேறொரு கம்ப்யூட்டருக்குள் நுழைய எஸ்எஸ்ஹெச். அதில் போர்ட் எண் கொடுக்க ஸ்மால் பி. அதே கம்ப்யூட்டருக்கு ஃபைல் அனுப்ப எஸ்சிபி. இரண்டும் ஒரே தொகுப்பில் வருபவை. எஸ்சிபியில் போர்ட் எண்ணுக்கு கேப்பிட்டல் பி. ஸ்மால் பி என்றால் ஃபைலின் தேதியை மாறாமல் வைத்துக்கொள் என்று பொருள். டேட்டாபேஸ் மென்பொருளான மைஎஸ்க்யூஎல்லில் ஸ்மால் பி கடவுச்சொல்லுக்கு, கேப்பிட்டல் பி போர்ட்டுக்கு. வி எழுத்து சிலவற்றில் விவரமாகச் சொல் என்பதற்கு, சிலவற்றில் பதிப்பு எண்ணுக்கு, ஃபைலுக்குள் சொல் தேடும் கிரெப்பில் பொருந்தாத வரிகளைக் காட்டு என்பதற்கு.

இன்னொரு கம்ப்யூட்டர் பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கமாண்டில் டபிள்யூ என்ற கேப்பிட்டல் எழுத்தோடு ஓர் எண் கொடுத்தால், பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று அர்த்தம். லினக்ஸில் அந்த எண் விநாடி. மேக்கில் மில்லி விநாடி. மாத்திரை அட்டையில் 500 என்று மட்டும் போட்டு மில்லிகிராமா கிராமா என்று எழுதாமல் விட்டால் ஏற்றுக்கொள்வோமா? ஆனால் இரண்டு என்று மட்டும் எழுதிவிட்டுப் போகும் விளக்கங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இவற்றில் எனக்கு அதிகம் உறுத்துவது ஹெச். பல கமாண்டுகளில் கோடு போட்டு ஹெச் என்றால் உதவிக் குறிப்பு வரும். எல்எஸ்ஸில் எல் எழுத்தோடு சேர்த்தால் அளவுகளை மனிதருக்குப் புரிகிற அலகில் காட்டும். மைஎஸ்க்யூஎல்லில் சர்வரின் பெயரைக் கேட்கும். ஷட்டவுனில், நிர்வாகி உரிமையோடு உதவி வேண்டும் என்று நினைத்து ஹெச் போட்டீர்களானால், இன்றைய பெரும்பாலான லினக்ஸ்களில் ஒரு நிமிடத்தில் கம்ப்யூட்டர் அணைவதற்கு உத்தரவு போட்டுவிட்டீர்கள் என்று பொருள். உதவி கேட்டவருக்கு இப்படி ஒரு பதில்.

பல ஃபைல்களை ஒரே தொகுப்பாக்கும் டார் கமாண்டை எடுத்துக்கொள்வோம். சி, எஃப், வி என்ற மூன்று எழுத்தைக் கோடு இல்லாமல் சேர்த்து எழுதி, பிறகு தொகுப்பின் பெயரைக் கொடுத்தால் சரியாக வேலை செய்யும். அது டாரின் பழைய நடை. அதே மூன்று எழுத்துக்கு முன்னால் ஒரு கோடு போட்டால், எஃப் என்பது தனக்கு அடுத்து ஒட்டியிருப்பதைத் தொகுப்பின் பெயராக எடுத்துக்கொள்ளும். வி என்ற பெயரில் ஒரு தொகுப்பு உருவாகும். நீங்கள் கொடுத்த பெயரை அது உள்ளே சேர்க்க வேண்டிய ஃபைல் என்று நினைத்து, அப்படி எதுவும் இல்லை என்று புகார் சொல்லும். கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று எழுதிய மேனுவலை நான் கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எஃப் கடைசியில் வரும்வரை அது உண்மை. அதைச் சொல்லாமல் விட்டது குறை.

தரம் வகுக்க யாரும் முயலவில்லை என்று சொல்ல முடியாது. யூனிக்ஸ் வகைகளுக்குப் பொதுவாக 1992இல் வந்த பாசிக்ஸ் ஷெல் தரம் ஆப்ஷன்களை எப்படி எழுத வேண்டும் என்று விதி போட்டது. கட்டற்ற மென்பொருளுக்கான கனு திட்டம் எல்லா கமாண்டிலும் இரட்டைக் கோட்டோடு ஹெல்ப், வெர்ஷன் என்ற இரண்டும் இருந்தே தீர வேண்டும் என்றது. நீளப் பெயர் கொண்ட ஆப்ஷன்களைப் பரவலாக்கியதும் அவர்கள்தான். ஆனால் பழைய கமாண்டுகளை மாற்ற முடியாது. அவற்றை நம்பி உலகெங்கும் ஸ்கிரிப்டுகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. எனவே ஒழுங்குபடுத்தும் சுமை விளக்கம் எழுதுகிறவர் தலையில்தான் விழுகிறது. மேனுவலில் எழுத்து ஒன்றை மட்டும் போடாமல் நீளப் பெயரையும் பக்கத்திலேயே எழுதுங்கள். ஆர் என்றால் யாருக்கும் எதுவும் புரியாது. ரிக்கர்சிவ் என்றால் உள்ளே உள்ள ஃபோல்டர்களுக்கும் சேர்த்துத்தான் என்பது படித்ததுமே தெரிகிறது. ஒரு வருடம் கழித்துத் திரும்பப் பார்க்கும்போதும் தெரியும்.

மாணவர் தன் பெயரை, தன் ஃபைலை நிரப்ப வேண்டிய இடத்தை எப்படிக் காட்டுவது என்பதும் சின்ன விஷயமில்லை. கோண அடைப்புக்குறிக்குள் ‘ஃபைல் பெயர்’ என்று எழுதுவது பரவலான வழக்கம். ஆனால் ஷெல்லுக்கு அந்தக் குறிகள் வேறு பாஷை. இடப்பக்கக் குறி என்றால் அந்த ஃபைலிலிருந்து வாசி, வலப்பக்கக் குறி என்றால் அடுத்துள்ள பெயரில் எழுது. அடைப்புக்குறியை எடுக்காமல் அப்படியே ஒட்டி, உள்ளே எழுதியிருக்கும் பெயரில் உண்மையிலேயே ஒரு ஃபைலும் இருந்துவிட்டால், அதற்கடுத்த பெயரில் உள்ள ஃபைல் சத்தமில்லாமல் காலியாகிவிடும். கனு கையேடுகள் போல நிரப்ப வேண்டியதைக் கேப்பிட்டல் எழுத்தில் எழுதினால் இந்த ஆபத்து இல்லை. வரியின் முன்னால் அழகுக்காகப் போடும் டாலர் குறியும் இப்படித்தான். சேர்த்து ஒட்டினால் டாலர் என்ற கமாண்ட் இல்லை என்று வரும். நிர்வாகிக்கு உரிய ஹேஷ் குறியை ஒட்டினால் பாஷ் ஷெல் அந்த வரியைக் குறிப்பு என்று நினைத்து எதுவுமே செய்யாது. பிழையும் வராது. ஓடிவிட்டது என்றே பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் எழுதிவிடுவார்கள்.

தமிழில் எழுதும்போது கூடுதலாகச் சில சங்கடங்கள். ஆங்கில எழுத்தில் கமாண்டின் பெயரைப் போட்டு, ஒரு ஹைபன் வைத்து, ‘ஐ’, ‘இல்’, ‘ஆல்’ என்று உருபைச் சேர்ப்பது நம் வழக்கம். புதிதாகப் படிப்பவர் அந்த ஹைபனையும் ஆப்ஷனின் கோடு என்றே எடுத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. வாக்கிய முடிவில் நாம் வைக்கும் புள்ளி, மேல் ஃபோல்டருக்குப் போகும் இரட்டைப் புள்ளியோடு சேர்ந்து மூன்றாகிவிடும். டிடிபி கடைகளின் பழைய எழுத்துருக் கோப்புகள் இன்னொரு தலைவலி. தமிழக அரசு 2010இலேயே யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக ஏற்ற பிறகும் அந்தக் கோப்புகள் புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருளில் போட்டால், நடுவில் இருக்கும் ஆங்கில கமாண்டையும் தமிழ் என்று நினைத்து அர்த்தமில்லாத எழுத்துக்கூட்டமாக மாற்றிக் கொடுக்கும். வாட்ஸ்அப்போ, இரண்டு நட்சத்திரக் குறிகளுக்கு நடுவில் இருப்பதைத் தடித்த எழுத்தாக்கிவிட்டுக் குறிகளை மறைத்துவிடும். ஷெல்லில் நட்சத்திரம்தான் ‘எல்லா ஃபைலும்’.

எல்லாவற்றுக்கும் வழி ஒன்றுதான்: கமாண்ட் வாக்கியத்துக்குள் வரக் கூடாது. தனி வரியில், சம அகல எழுத்தில், உருபும் புள்ளியும் ஒட்டாமல் நிற்க வேண்டும். தமிழில் இந்த வேலையை அக்கறையோடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். 2012 ஜனவரியில் தொடங்கிய கணியம் இதழ் லினக்ஸையும் மற்ற கட்டற்ற மென்பொருள்களையும் எளிய தமிழில் எழுதி, யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்ற உரிமத்தோடு தருகிறது. கமாண்டுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்குச் சில எடுத்துக்காட்டு என்று தன்னார்வலர்கள் தொகுக்கும் டிஎல்டிஆர் பக்கங்களிலும் தமிழுக்கு இடம் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும் மேலே ஒரு வரி விளக்கம், கீழே முழு கமாண்ட், நிரப்ப வேண்டிய இடம் இரட்டைச் சுருள் அடைப்புக்குள். எல்லாப் பக்கமும் ஒரே வடிவம். தமிழில் இன்னும் எழுதப்படாத பக்கங்கள் ஏராளம். ஆர்வமுள்ள மாணவர் ஒரு மாலையில் ஒரு பக்கம் எழுதிவிடலாம்.

அடுத்த செமஸ்டருக்கு மேனுவல் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பைண்டிங்குக்குக் கொடுக்கும் முன், வேர்டில் தானாகத் திருத்தும் வசதியை அணைத்துவிட்டுக் கோடுகளை மறுபடி அடியுங்கள். பிறகு அந்த பிடிஎஃப்பை உங்கள் வாட்ஸ்அப்புக்கே அனுப்பி, லேபில் ஏதாவது ஒரு மெஷினில் திறந்து, ஒவ்வொரு கமாண்டையும் காப்பி செய்து ஒட்டி ஓட்டிப் பாருங்கள். ஓடாத வரியை அடித்து எழுதுங்கள். ஆப்ஷன்களின் நீளப் பெயர் விட்டுப்போயிருந்தால் சேருங்கள், அலகு இல்லாத எண்ணுக்கு அலகு போடுங்கள். ஜெராக்ஸ் கடையில் இருக்கும் பழைய மாஸ்டர் காப்பியை வாங்கிக்கொண்டு, புதியதைக் கையோடு கொடுத்துவிட்டு வாருங்கள்.