திறைசேரிக்கு இரண்டு திறப்புகள்

ஒரு மாநிலத்தின் திறைசேரியைப் பூட்டி, அதன் திறப்புகள் இரண்டையும் ஒருவருக்கொருவர் முகங்கொடுக்க மறுக்கும் இருவரிடம் கொடுத்து வைத்தால் என்ன நடக்கும்? விடையறிய விரும்புவோர் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தைப் பார்த்தாற் போதும்.

அம்மாநிலத்தின் நிதியாண்டு ஜூலை முதலாந் திகதி ஆரம்பமாகிறது. 2025 இல் அத்திகதி வந்தபோது வரவு செலவுத் திட்டம் நிறைவேறியிருக்கவில்லை. பிரதிநிதிகள் சபை 102 இற்கு 101 என்ற ஒற்றை ஆசன வித்தியாசத்தில் ஜனநாயகக் கட்சியிடம் இருந்தது. செனற் சபை 27 இற்கு 23 என்ற கணக்கில் குடியரசுக் கட்சியிடம் இருந்தது. முன்னது ஜூலையில் 50.6 பில்லியன் டொலருக்கு ஒரு திட்டத்தை நிறைவேற்றியது. பின்னது ஆகஸ்டில் 47.6 பில்லியன் டொலருக்கு வேறொன்றை நிறைவேற்றியது. இரண்டும் சட்டமாகவில்லை. ஆளுநர் ஜோஷ் ஷபீரோ இறுதியிற் கையொப்பமிட்டது நவம்பர் 12 ஆந் திகதி, தொகை 50.1 பில்லியன் டொலர். கிடைத்தது ஒரு நடுவழி. அந்த நடுவழியைக் காண நான்கு மாதங்களுக்கு மேல் ஏன் தேவைப்பட்டது என்பதே எனது கேள்வி.

நான் தரும் விடை கசப்பானது. தாமதத்தின் வலி, தாமதிப்பவர்களைத் தீண்டவில்லை. அந்த மாதங்களில் மாநில ஊழியரின் சம்பளம் நிற்கவில்லை. ஆகவே பெரும்பாலான மக்களுக்கு நெருக்கடி கண்ணிற் படவில்லை. நின்றது பாடசாலை மாவட்டங்களுக்கும் கவுண்டி நிர்வாகங்களுக்கும், வன்முறைக்குள்ளான பெண்களுக்குப் புகலிடம் தரும் அமைப்புகளுக்கும் செல்லும் பணம். சிலர் கடன் பட்டனர். சிலர் ஊழியர்களைச் சம்பளமின்றி வீட்டுக்கு அனுப்பினர். செப்டம்பரில் மாநிலத் திறைசேரியே கவுண்டிகளுக்கும் பாலர் கல்வி நிலையங்களுக்கும் 500 மில்லியன் டொலர் வரை வட்டிக்குக் கடன் தர முன்வந்தது. தமக்கு வரவேண்டிய பணத்தையே வட்டிக்கு வாங்கும் நிலை! பேச்சுவார்த்தை மேசையில் ஆசனமில்லாதவர்களே விலை கொடுத்தார்கள்.

இது முதன்முறையுமல்ல. 2009 இல் இதேபோன்று இரு கட்சிகளிடம் பிரிந்து கிடந்த சபைகள் 101 நாட்கள் தாமதித்தன.

இதனை அதிகாரச் சமநிலை என்று புகழ்வோர் உளர். ஒரு சபையின் அவசரத்தை மறு சபை தடுக்கிறது, வரி செலுத்துவோர் காக்கப்படுகிறார்கள் என்பது அவர்கள் வாதம். சட்டங்களைப் பொறுத்தவரை இதை நானும் ஏற்பேன். ஒரு சட்டமூலம் நிறைவேறாவிட்டால் பழைய சட்டம் தொடரும், நாடு நடக்கும். வரவு செலவுத் திட்டம் அத்தகையதன்று. அது நிறைவேறாவிட்டால் பழையது தொடர்வதில்லை, பணமே நின்றுவிடுகிறது. அங்கே மறுப்பு என்பது தடுப்பு அல்ல, பணயம் வைத்தல். யாருக்கு இழப்பு குறைவோ அவரே வெல்லும் விளையாட்டைச் சமநிலை என்பது சொல்லுக்குச் செய்யும் அநியாயம்.

பரிகாரம் இல்லாமலில்லை. விஸ்கொன்சின் மாநிலத்தில் புதிய திட்டம் தாமதித்தால் முந்தைய ஒதுக்கீடுகள் தொடர்கின்றன. கலிபோர்ணியாவில் 2010 இல் மக்கள் வாக்களித்து, மூன்றிலிரண்டு பெரும்பான்மைத் தேவையை நீக்கியதோடு, திட்டம் பிந்தினால் உறுப்பினர்கள் சம்பளத்தை இழக்கவும் விதி செய்தனர். ஒரே கட்சி இரு சபைகளையும் ஆள்வதும் அங்கு உதவுகிறது என்பது உண்மையே. இந்திய மாநிலங்களின் சட்ட மேலவைகளுக்கோ நிதி மசோதாவின் மீது 14 நாட்கள் மட்டுமே. சோல்பரி யாப்பின் கீழிருந்த எமது செனற் சபையும் நிதி மசோதாவை ஒரு மாதத்துக்கு மேல் மறிக்க இயலாதிருந்தது.

இந்தக் கடைசி உதாரணத்தை வேண்டுமென்றே நினைவூட்டுகிறேன். எமது செனற் சபை 1971 இல் ஒழிக்கப்பட்டது. மாகாணங்களின் குரலுக்கென இரண்டாவது சபை வேண்டுமென்ற கோரிக்கை பின்னர் எழுந்து, 2017 இல் அரசியலமைப்புச் சபையின் வழிகாட்டற் குழு வெளியிட்ட இடைக்கால அறிக்கையில் 55 உறுப்பினர் கொண்ட சபையாக இடம்பெற்றது. அக்கோரிக்கையை நான் ஆதரிப்பவன். பெரும்பான்மை வாக்கு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிக்கும் நாட்டில் சிறுபான்மையினருக்கு அத்தகைய அரண் அவசியம். ஆனால் அந்த அரண் மாகாணங்களின் அதிகாரங்களைக் காக்க வேண்டுமேயன்றித் திறைசேரியைப் பூட்டக் கூடாது. பணம் நின்றால் முதலில் மூடப்படுவது கொழும்பின் அமைச்சுக்கள் அல்ல. வன்னியின் கிராமத்து வைத்தியசாலை. இரண்டாவது சபை கேட்போர் பென்சில்வேனியாவின் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிட்டுக் கேட்கட்டும்.